பிரிமிட்டிவிசம்: ‘தொன்மைவேட்கை’ எனலாமா?

அன்புடையீர்,

ஐரோப்பிய நாகரிகம் தீண்டாதவை எனத் தாம் கருதிய மக்களின் கலையையும் வாழ்வையும் மேலைக் கலைஞர்கள் முன்மாதிரியாகக் கொண்ட போக்கே பிரிமிட்டிவிசம். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு முன்வைக்கப்பட்டுள்ள ‘பழங்குடியியம்’, ‘தொன்மையியம்’ ஆகிய இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. முதலாவது அக்கலை பழங்குடியினருடையது என எண்ண வைக்கும். இரண்டாவது தொன்மத்தோடும் தொல்லியலோடும் குழம்பும். ‘தொன்மைவேட்கை’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். இக்கலைப்போக்கோடு பெரிதும் சேர்த்துப் பேசப்படும் பிரெஞ்சு ஓவியர் பால் கோகானின் வாழ்வே அதற்குக் காரணம்.

பாரிசில் 1848இல் பிறந்து, குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகளைப் பெருவின் லிமா நகரில் கழித்து, பின்னர் பங்குத் தரகராக இருந்த அவர், 1882ஆம் ஆண்டுச் சந்தை வீழ்ச்சிக்குப் பின் ஓவியத்தையே தொழிலாகக் கொண்டார். 1887இல் கரிபியன் தீவான மார்த்தினிக், 1891இல் பசிபிக் தீவான தாகித்தி என ஐரோப்பிய நாகரிகம் தீண்டாத வாழ்வைத் தேடிக் கடல் கடந்தார். தாகித்தியோ 1880இலேயே பிரெஞ்சு ஆட்சிப்பகுதியாகிவிட்டது; கிறித்தவமும் அங்கு எப்போதோ வேரூன்றியிருந்தது.

அங்கு அவர் தொடக்கத்தில் வரைந்த ‘இயா ஓரானா மரியா’ (‘மரியே வாழ்க’) ஓவியத்தைப் பாருங்கள். மேரி, பூப்போட்ட சிவப்புப் பாரேயு (உடலில் சுற்றிக்கட்டும் துணி) உடுத்த தாகித்திப் பெண்ணாகக் குழந்தையைத் தோளில் சுமந்து நிற்கிறாள். அவளை வணங்கும் இரு பெண்கள் கைகூப்பி நிற்கும் நிலை, சாவகத்து (ஜாவா) போரோபுதூர் பௌத்தக் கோயிலின் புடைப்புச் சிற்பத்திலிருந்து எடுக்கப்பட்டது. அச்சிற்பத்தின் ஒளிப்படத்தை அவர் கையோடு கொண்டுபோயிருந்தார். தாகித்தியில் காணக் கிடைக்காத தொன்மையைச் சாவகத்திலிருந்து வரவழைத்துக்கொண்டார் என்பதே உண்மை. பதின்ம வயதுச் சிறுமியரை அங்கு அவர் துணைவியராக்கிக்கொண்டதையும் இந்த வேட்கையிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. ‘பழங்குடியியம்’ எனப் பெயரிட்டால், வேட்கை கொண்டவர் மறைந்துபோய், தீவு மக்களே அதற்குப் பொறுப்பாவது போன்ற தோற்றம் உண்டாகும்.

‘வேட்கை’ மிகையான சொல், ‘நாட்டம்’ போதும் என்ற கருத்தையும் எண்ணிப் பார்த்தேன். நோயும் கடனும் வாட்டிய நிலையில், தாகித்தியும் போதாமல் 1901இல் இன்னும் தொலைவிலுள்ள மார்க்கெசாஸ் தீவுக்கூட்டத்தின் இவா ஓவாவுக்குப் பெயர்ந்து, 1903இல் அங்கேயே இறந்தவரின் தேடலை நாட்டம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

‘தொன்மைவேட்கையர்’, ‘தொன்மைவேட்கை ஓவியம்’ என வழிச்சொற்களும் இடரின்றி அமைகின்றன. ஆனால், இவர்கள் முன்மாதிரியாகக் கொண்ட கலைகளுக்கு இச்சொல்லை நீட்டிக்க வேண்டாம். மார்க்கெசாஸ் மரச்செதுக்கு, போரோபுதூர் சிற்பம் என அவற்றை அந்தந்த மக்களின், இடங்களின் பெயராலேயே கலைச்சொல் பட்டியலில் குறிக்க வேண்டுகிறேன்.