அக்கா மகளைக் கட்டலாம், சித்தப்பா மகளைக் கட்டக் கூடாது: இது மதம் சொன்னதா, ஊர் சொன்னதா?

பாகான்_மாலைவகுப்பு (பட்டர்வொர்த்)

எல்லாருக்கும் வணக்கம். கோயில் மண்டபத்தில் படிவம் 4, 5 பிள்ளைகளுக்கு நடக்கும் சனிக்கிழமை வகுப்புக்காகக் கேட்கிறேன். நல்லது கெட்டது என்ற எண்ணம் மதத்திலிருந்து வருகிறதா, சமுதாயத்திலிருந்து வருகிறதா என்பதுதான் அடுத்த தலைப்பு. ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைகள்.

பொதுவாகப் பேசினால் பாடப்புத்தக வாக்கியத்தை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் ஒரே ஒரு விதியை எடுத்து அலசலாம் என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் மாமன் மகள், அத்தை மகள் முறைப்பெண். சில குடும்பங்களில் அக்கா மகளையும் கட்டுவார்கள். சித்தப்பா மகள், பெரியம்மா மகள் என்றாலோ தங்கச்சி, நினைப்பதே பாவம். எல்லாரும் இதை 'நம்ம மதம்' என்கிறார்கள். எந்தப் பகுதி மதம், எது வழக்கம், எது சட்டம்? வகுப்பில் எப்படிக் கொண்டுபோவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்_வக்கீல்

சட்டத்திலிருந்து தொடங்குங்கள். எழுத்தில் இருப்பதால் பிள்ளைகள் அதைக் கையில் பிடித்துப் பார்க்கலாம்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், அதாவது சட்டம் 164. 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது. யார் யாரைக் கட்டக் கூடாது என்பது அதன் 11ஆவது பிரிவில் இருக்கிறது. மாமா, சித்தப்பா, அத்தை, உடன்பிறந்தவர் பிள்ளை எல்லாம் தடைப்பட்டியலில். அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, சித்தப்பா பிள்ளை யாருமே பட்டியலில் இல்லை. ஆக, நாம் பாவம் என்று சொல்லும் சித்தப்பா மகள் திருமணத்தைச் சட்டம் தடுக்கவில்லை.

அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. இந்துவாக இருப்பவர், இந்துச் சட்டப்படியோ வழக்கப்படியோ, தன் அக்கா அல்லது தங்கை மகளை மணக்கலாம். பெண் தன் தாய்மாமனை மணக்கலாம். அண்ணன் மகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. தமிழர், தெலுங்கர் வீட்டு முறை அப்படியே நாடாளுமன்றச் சட்டத்துக்குள் ஏறியிருக்கிறது. பக்கத்து வீட்டுத் தமிழ்க் கிறித்துவருக்கு இந்த விதிவிலக்கு இல்லை. தம் மதமும் வழக்கமும் இடம் கொடுத்தால் மாநில முதல்வரிடம் சிறப்பு உரிமம் கேட்கலாம், அது தனி வழி.

சட்டம் ஒழுக்கத்தையே மாற்றும் என்பதற்கும் இதே சட்டம் சான்று. 1982க்கு முன் இங்கே இந்து ஆண் இரண்டு மனைவி வைத்திருப்பது செல்லுபடியாகும் திருமணம். அப்போதே நடந்துவிட்டவை பின்னாலும் செல்லும். புதிதாகச் செய்ய முடியாது. தாத்தா காலத்தில் 'இரண்டாம் தாரம்' என்று ஊர் ஏற்றுக்கொண்டதைப் பேரன் காலத்தில் துரோகம் என்கிறோம். கோயிலும் மந்திரமும் மாறவில்லை. மாறியது பதிவு இலாகாவின் நடைமுறை, அதோடு பெண்களின் படிப்பும் சம்பளமும். என் பார்வையில் இந்த மாற்றம் நல்லது, தாமதமாக வந்தது.

ஏட்டுச்சுவடி (ஜார்ஜ்டவுன்)

வக்கீல் ஐயா சொன்னதோடு சாஸ்திரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 'நம்ம மதம்' என்ற பேச்சு அங்கேதான் ஆட்டம் காண்கிறது.

மனு ஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயம் அத்தை மகள், மாமன் மகள், பெரியம்மா சித்தி மகள் மூவரையும் ஒரே வரிசையில் வைத்து, அவர்களைச் சேர்வதற்குப் பிராயச்சித்தம் விதிக்கிறது. மனைவியாக்காதே என்றும் சொல்கிறது. அதன்படி நம் முறைப்பெண்ணே குற்றம். பௌதாயன தர்மசூத்திரம் என்ற இன்னொரு பழைய சாஸ்திர நூல் வேறு மாதிரி பேசுகிறது. தெற்கத்தியாருக்கு ஐந்து வழக்கம் உண்டு, அவற்றில் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணப்பது ஒன்று. வடக்கத்தியாருக்கும் ஐந்து உண்டு, கம்பளி விற்பது, மது குடிப்பது, கடல் பயணம் போவது முதலானவை. அந்தந்த ஊரில் அது குற்றமில்லை, ஊர் மாறிச் செய்தால் குற்றம் என்கிறது. கௌதமர் என்ற இன்னொரு தர்மசூத்திர ஆசிரியர் இதை ஒப்பவில்லை என்ற மறுப்பையும் அதே இடத்தில் பதிவு செய்கிறது. ஒழுக்கத்தை ஊர் முடிவு செய்யுமா, நூல் முடிவு செய்யுமா என்ற உங்கள் கேள்வி இரண்டாயிரம் ஆண்டுகளாக நடக்கும் வழக்கு. (கடல் தாண்டியவரின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலில் கடல் பயணம் இருப்பதையும் காட்டுங்கள்.)

இந்துக்களுக்குள்ளேயே பாருங்கள். மலையாள நாயர் குடும்பங்களில் அக்கா மகளைக் கட்டுவது நினைத்தும் பார்க்க முடியாதது. தாய்வழித் தறவாட்டில், அதாவது கூட்டுக்குடும்பத்தில், மாமனும் மருமகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மாமன் மகள் வேறு தறவாடு, அவளைக் கட்டலாம். நம் பக்கம் அப்பா வழியில் வம்சத்தை எண்ணுகிறோம், ஆகவே அக்கா மகள் அடுத்த வீட்டுப் பெண், சித்தப்பா மகள் சொந்த வீட்டுப் பெண். நகரத்தார் ஒன்பது கோயில் வைத்து, ஒரே கோயில் பிரிவுக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். சாமி எல்லாருக்கும் ஒன்றுதான். யார் 'நம் வீடு' என்ற கணக்கு மட்டும் வேறு.

பினாங்கில் இருக்கிறீர்கள், மற்றவர்களையும் பார்க்க வசதி. கேனன் சதுக்கத்துக் கூ கொங்சி மாதிரிக் குலச்சங்கங்கள் உள்ள சீனரிடம் ஒரே குடும்பப் பெயருக்குள் கட்டுவது நெடுநாள் தடை, தூரத்து உறவாக இருந்தாலும். முஸ்லிம்களுக்குக் குர்ஆன் 4ஆம் அத்தியாயம் 23ஆம் வசனம் அண்ணன் மகள், அக்கா மகள் இருவரையும் தடுக்கிறது. அப்பாவோடு பிறந்தவர், அம்மாவோடு பிறந்தவர் பிள்ளைகள் அனைவரும் ஆகுமானவர்கள், அதாவது மணக்கலாம். அப்படி இருந்தும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் மாமா மகளைத்தான் பேசுவார்கள். அப்பாவின் தம்பி மகளைத் தங்கையாகவே பார்ப்பார்கள். மார்க்கம் திறந்துவிட்ட கதவை ஊர் சாத்தி வைத்திருக்கிறது. உங்கள் வகுப்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது.

இன்னொன்று: பால்குடி உறவு. இங்கே முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி என்ற மார்க்கச் சட்ட வழியில், இரண்டு வயதுக்குள் ஒரு பெண்ணிடம் ஐந்து முறை வயிறாரப் பால் குடித்த குழந்தை அவள் பிள்ளைகளுக்கு உடன்பிறப்பு ஆகிவிடும், திருமணம் கூடாது. இரத்தமே கலக்காத இடத்தில் ஒரு முழு உறவும், அதற்குரிய கூச்சமும் உருவாகிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில் அத்தை பிள்ளை, சித்தப்பா பிள்ளை எல்லாமே தடை. ஆயரிடம் விலக்கு வாங்கலாம். உடன்பிறந்தவருக்கு விலக்கே இல்லை.

நன்னெறி_டீச்சர் (செந்தூல்)

தம்பி, வகுப்பை நடத்தும் முறையைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு அட்டை எழுதுங்கள், ஓர் அட்டையில் ஒரு செயல். திருமண அட்டை ஐந்து: அக்கா மகள், அத்தை மகள், சித்தப்பா மகள், ஒரே குடும்பப் பெயர், பால்குடி உறவு. மற்ற ஏழு: மாட்டிறைச்சி உண்பது, செருப்போடு கோயிலுக்குள் போவது, கடனைத் திருப்பாமல் ஏமாற்றுவது, பொய்ச்சாட்சி, வீட்டு வேலை செய்யும் பெண்ணின் சம்பளத்தைப் பிடித்து வைப்பது, ஊனமுற்றவரைக் கேலி செய்வது, அப்பா இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக் கோழி சாப்பிடுவது. நான்கு பேர் கொண்ட ஐந்து குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கட்டு.

முதல் இருபது நிமிடம் 'பெரிய தப்பு, சின்னத் தப்பு, தப்பில்லை' என்று அடுக்கட்டும், பேச்சில்லாமல். அடுத்த நாற்பது நிமிடம் ஒவ்வோர் அட்டைக்கும் மூன்றே கேள்வி. சாமியோ வேதமோ இதைத் தடுக்கவில்லை என்றால் அப்போதும் தப்பா? இதை எல்லாரும் ஏற்கும் ஊரில் செய்தால் தப்பா? யாருக்கு என்ன நோகும்? பதிலை அட்டையின் பின்னால் எழுத வேண்டும். மீதி அரை மணி நேரம் குழுக்களின் அடுக்கை ஒப்பிட.

இந்தக் கேள்விகள் எலியட் டூரியல், லாரி நூச்சி போன்ற ஆய்வாளர்களின் வழி. அமெரிக்காவில் ஆமிஷ்-மெனனைட் என்ற கட்டுப்பாடான கிறித்துவப் பிரிவுப் பிள்ளைகளிடம், கடவுள் விதி போடாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாமா என்று கேட்டபோது செய்யலாம் என்றார்கள். திருடலாமா, அடிக்கலாமா என்றால் பெரும்பாலோர் அப்போதும் தப்பு என்றார்கள். அவ்வளவு பக்தியுள்ள பிள்ளைகளே இரண்டையும் பிரித்துப் பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளைகளும் பிடித்து வைத்த சம்பளத்தையும் செருப்பையும் ஒரே இடத்தில் வைக்க மாட்டார்கள்.

கோழி அட்டையில் கவனம். அது ரிச்சர்ட் ஷ்வெடர் என்ற ஆய்வாளரின் குழு ஒடிசாவின் புவனேஸ்வரில் செய்து 1987இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளது. அங்கே பலர் அதை மிகப்பெரிய குற்றங்களில் ஒன்றாக வைத்தார்கள்; சிகாகோவில் அதைக் குற்றமாகவே பார்க்கவில்லை. 'யாருக்கு நோகும்' என்று கேட்டால் ஒடிசாக்காரர் 'அப்பாவின் ஆன்மாவுக்கு' என்பார். அதைச் சிரித்துத் தள்ளவிடாதீர்கள். தீங்கு என்பதன் எல்லையையே நம்பிக்கை விரிக்கிறது என்பதை அந்த ஓர் அட்டை காட்டும்.

எங்கே கெடும் என்றால், முதலாவது ஒப்பித்தல். பழைய நன்னெறிப் பாடத்திட்டத்தில் 36 நெறிகளை வரையறையோடு மனப்பாடம் செய்து எழுதினார்கள். அந்தப் பழக்கம் அண்ணன் அக்காவிடமிருந்து இன்னும் இறங்குகிறது. 'இறைநம்பிக்கை' என்று ஒரு சொல்லில் பதில் வந்தால் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, யாருக்கு என்ன ஆகும் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, இதைவிடப் பெரியது: உங்கள் இருபது பேரில் ஒருவரின் அப்பா அம்மா மாமன்–அக்கா மகளாக இருக்கலாம். 'யார் வீட்டில் உண்டு' என்று கை தூக்கச் சொல்லவே கூடாது. 'சீச்சீ' என்ற சத்தம் வந்தால் உடனே நிறுத்தி, மலையாளி கண்ணுக்கு நம் முறை எப்படித் தோன்றும், நம் கண்ணுக்குச் சீனர் முறை எப்படித் தோன்றும் என்று கேளுங்கள். மூன்றாவது, முஸ்லிம் மாணவர் யாராவது வந்திருந்தால் மார்க்க விளக்கம் நீங்கள் சொல்ல வேண்டாம்; சட்டத்தில் உள்ளதை மட்டும் சொல்லி நகருங்கள். உங்கள் சொந்தத் தீர்ப்பைக் கடைசி பத்து நிமிடம் வரை வெளியே விடாதீர்கள். சொன்ன அடுத்த நொடி எல்லா அட்டையும் உங்கள் பக்கம் சாயும்.

பாகான்_மாலைவகுப்பு

ரொம்ப நன்றி டீச்சர், ஐயா. ஒரு சந்தேகம். 'பிள்ளை ஊனமாகப் பிறக்கும், அதனால்தான் பெரியவர்கள் சித்தப்பா மகளைத் தடுத்தார்கள்' என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதற்கு என்ன பதில்?

மரபணு_ஆய்வகம் (கோலாலம்பூர்)

அந்த விளக்கம் பொருந்தாது, கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். சித்தப்பா மகளோடும் மாமன் மகளோடும் நாம் பகிரும் மரபணு சராசரியாக ஒரே அளவு, 12.5%. தாய்மாமனும் அக்கா மகளும் பகிர்வது 25%, அதாவது இரட்டிப்பு. பிள்ளைக்கு ஆபத்து என்பதுதான் காரணமென்றால் அக்கா மகளை முதலில் தடுத்திருக்க வேண்டும், மாமன் மகளுக்கும் சித்தப்பா மகளுக்கும் ஒரே விதி இருந்திருக்க வேண்டும். ஊர் போட்ட கோடு வம்சக் கோடு. மருத்துவக் காரணம் பின்னால் வந்து ஒட்டியது.

ஆனால் ஆபத்தே இல்லை என்றும் விட்டுவிடாதீர்கள். எந்தத் தம்பதிக்கும் பிறவிக்குறை வாய்ப்பு ஏறக்குறைய 2–3% உண்டு. முறைப்பிள்ளைகள் மணந்தால் அதோடு இன்னும் 2% அளவு கூடும். மாமன்–அக்கா மகள் என்றால் அதைவிட அதிகம். குடும்பத்தில் ஏற்கெனவே நோய் இருந்தாலோ, தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டி வந்தாலோ இந்தக் கணக்கு ஏறும்.

உறவில்லாத இருவரும் தாலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கடத்திகளாக (நோய் இல்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக) இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் 25% ஆபத்து. படிவம் 4 மாணவர்களுக்கு அரசு தாலசீமியா இரத்தப் பரிசோதனை நடத்துகிறது. உங்கள் வகுப்பிலேயே அந்த வயதுப் பிள்ளைகள் இருப்பதால், பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்களா, முடிவு வந்ததா என்று கேட்டு வையுங்கள். முடிவுத் தாளைப் பிறப்புப் பத்திரத்தோடு வைத்திருந்தால், நாளைக்கு மாமன் மகளோ வேற்று வீட்டுப் பெண்ணோ, ஜாதகம் பார்ப்பதற்கு முன் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.