டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் இன்னும் வருகிறதா?

கேள்வி (வியாசர்பாடி):
ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். சோழவரம் பக்கம் மண்ணில் ஓட்ட டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் தேடுகிறேன். யாருமே தயாரிப்பதில்லையா?

பதில்:
ஹோண்டா தன் சிஆர் என்ற டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் வரிசையை 2007-லேயே முடித்துவிட்டது. யமஹா ஒய்இசட் 125, 250 வருகிறது. ரோட்டில் ஓட்ட முடியாது, டெம்போவில்தான் ஏற்றிப் போகணும்.

பதில் (தண்டையார்பேட்டை மெக்கானிக்):
தம்பி, டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஹெட்டில் வால்வு, அதைத் திறக்கும் கேம் எதுவும் கிடையாது. பிஸ்டன், ரிங் மாற்ற ஒரு சாயங்காலம் போதும். கிராங்க் சுற்றும் ஒவ்வொரு தடவையும் எரிவதால்தான் அந்த இழுப்பு. ஆனால் எரியாத பெட்ரோலும் ஆயிலும் சைலன்சர் வழியாகப் போகுமே, புகை விதி இறுகியதும் அதுவே எமனாகிவிட்டது. ஒய்இசட் வாங்கினால் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றணும்; உன் ஆர்எக்ஸ் மாதிரி தனி டேங்க் இல்லை.

கேட்டவர்:
சரி அண்ணா. டெம்போ வாடகைக்கு வீட்டில் என்ன சொல்வது?