ஸ்ட்ரிங் தியரியில் ஒரு சந்தேகம், துகள் இயற்பியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஸ்ட்ரிங் தியரி (அடிப்படைத் துகள்கள் எல்லாம் நுண்ணிய இழைகளின் அதிர்வுகள் என்னும் கோட்பாடு) பற்றி ஒரு குழப்பம். துகள் இயற்பியல் படித்தவர்கள் யாராவது தீர்த்து வைத்தால் நன்றாக இருக்கும்.

இந்தக் கோட்பாட்டுக்கு வித்திட்ட, 1968-இல் இயற்பியலாளர் வெனிட்சியானோ எழுதிய சூத்திரம், அணுக்கருவைப் பிணைக்கும் வலு விசையை விளக்கத்தான் வந்தது. அந்த வேலைக்கு அது ஒத்துவரவில்லை. அதே விசையைக் குவார்க்குகளையும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களையும் வைத்து விளக்கும் குவாண்டம் குரோமோடைனமிக்ஸ் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் கணக்கில் அழையா விருந்தாளியாக, நிறையே இல்லாத, தற்சுழற்சி (ஸ்பின்) 2 கொண்ட ஒரு துகள் வந்து நின்றது. அதுதான் ஈர்ப்பு விசையைச் சுமக்கும் கிராவிட்டான் என்று 1974-இல் ஷெர்க்கும் ஷ்வார்ட்ஸும் சொன்னார்கள். இதுவரை சரி. (இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.)

சிக்கல் அதற்கு அப்புறம். சூப்பர்ஸ்ட்ரிங் கணக்குக்கு 10 பரிமாணங்களும் மீச்சமச்சீரும் (ஒவ்வொரு துகள் வகைக்கும் ஓர் இணைத்துகள் உண்டு என்னும் சமச்சீர்) தேவை. செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதுவியான எல்எச்சி 2012-இல் ஹிக்ஸ் துகளைக் காட்டியது. மீச்சமச்சீர் துகள் ஒன்றைக்கூட இன்னும் காட்டவில்லை. இது கோட்பாட்டுக்கு விழுந்த அடியா? எல்எச்சிக்கு எட்டாத ஆற்றலிலேயே மீச்சமச்சீர் முறிந்து, அதன் துகள்கள் அங்கே உருவாக முடியாத அளவு கனமாக இருக்கலாம் அல்லவா? அப்படியானால் எதைப் பார்த்தால் கோட்பாடு தவறு என்று ஒப்புக்கொள்வார்கள்?

இன்னொன்று. 1997-இல் இயற்பியலாளர் மால்டசேனா முன்வைத்த இருமையை (ஈர்ப்பு உள்ள ஸ்ட்ரிங் கோட்பாடும் ஈர்ப்பு இல்லாத ஒரு புலக் கோட்பாடும் ஒன்றுக்கொன்று சமம் என்னும் கருத்தை) வைத்து, மிக உயர்ந்த வெப்பத்தில் உருவாகும் குவார்க்-குளுவான் பிளாஸ்மாவின் பாகுநிலையை மதிப்பிடுகிறார்கள். அது இயற்கையில் இழைகள் இருப்பதற்குச் சான்றா, வெறும் கணக்குக் கருவியா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

குவாண்டம் புலக் கோட்பாடு அடிப்படை அளவில் தெரியும், சமன்பாடுகளோடு விளக்கினாலும் பரவாயில்லை. ‘எல்லாம் அதிர்வுதான்’ வகைக் காணொளிகள் மட்டும் வேண்டாம்.