ஏழாம் தலைமுறை ஐ5 லேப்டாப் ஆறு: மைக்ரோகண்ட்ரோலர் வகுப்புக்கு விண்டோஸா, லினக்ஸா?

லயத்துவிளக்கு
மலேசியா சுங்கை சிப்புட்ல கோயில் மண்டபத்துல படிவம் 4 பிள்ளைங்களுக்கு சனிக்கிழமை வகுப்பு. ஆறு பழைய லேப்டாப் கிடைச்சிருக்கு. எல்லாமே இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, உள்ளே விண்டோஸ் 10. மைக்ரோகண்ட்ரோலர் (சின்னக் கணினி சிப்) பலகைங்க: ஈஎஸ்பி32 டெவ்கிட் எட்டு (யூஎஸ்பி சிப் சிஎச்340), ப்ளூ பில்னு சொல்ற எஸ்டிஎம்32எஃப்103 நாலு, ப்ளூ பில்லுக்குப் புரோகிராம் ஏத்துற எஸ்டி-லிங்க் வி2 கருவியோட நகல் ரெண்டு. செய்யப் போறது மழைமானி. ராத்திரி எவ்வளவு பெய்ஞ்சதுன்னு ரப்பர் பால்வெட்டுக்குக் கிளம்புறவங்க விடியக்காலையில கைப்பேசியில பார்க்கணும். மண்டபத்துல நெட் கிடையாது, என் ஹாட்ஸ்பாட்தான். பெண்டிரைவ்ல உபுண்டு 22.04 இருக்கு. அதைப் போடவா, விண்டோஸை அப்படியே விடவா?

ஏழாங்கட்டை
போடுங்க டீச்சர். விண்டோஸ் 11க்கு இந்த ப்ராசஸர் தகுதிப் பட்டியல்லயே இல்ல, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கணக்கு. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சாச்சு. 22.04க்கு 2027 வரைக்கும் இருக்கு.

டிஸ்க் முழுக்க அழிச்சே போடுங்க. 256 ஜிபியில ரெண்டு குடித்தனம் வேணாம். பிறகு வேண்டிய மென்பொருள்: கிட், சிமேக், நிஞ்சா, பைத்தான் வென்வ், ஓப்பன்ஓசிடி (எஸ்டி-லிங்க் வழியா சிப்போட பேசுறது), ஆர்ம் ஜிசிசி (கம்பைலர்), ஜிடிபி-மல்டிஆர்க் (டீபக்கர்). சிஎச்340க்கு டிரைவர் தேட வேண்டியதில்ல, கெர்னல்லயே இருக்கு.

ஒவ்வொரு யூசரையும் டயல்அவுட் (சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள) குழுவில சேர்த்துட்டு முழுசா லாக்அவுட் பண்ணி மறுபடி லாகின் ஆகணும். புது டெர்மினல் திறந்தா மட்டும் பத்தாது, யார் எந்தக் குழுன்னு லாகின்லதான் முடிவாகுது. இந்தப் படியை விட்டா பிள்ளைங்க "அனுமதி இல்ல"ன்னு வந்ததும் சூடோ (நிர்வாகி அதிகாரம்) போட்டு பில்ட் பண்ணுவாங்க. பில்ட் ஃபோல்டர் ரூட் பேருக்குப் போயிடும். அடுத்த சனிக்கிழமை சூடோ இல்லாம ஓட்டினா அதே அனுமதிச் சண்டை வேற இடத்துல வரும். அப்ப செய்ய வேண்டியது ஃபோல்டரைப் பழைய யூசர் பேருக்கே மாத்துறது. இன்னொரு சூடோ இல்ல.

எஸ்டி-லிங்க்குக்கு யூடெவ் விதி (சொருகுற கருவியை லினக்ஸ் எப்படி நடத்தணும்னு சொல்றது) தனி. தயாரிப்பாளர் எண் 0483, பொருள் எண் 3748. விதியை மறுபடி ஏத்திட்டு கருவியை ஒருதரம் பிடுங்கிச் சொருகணும்.

பால்வாளி
அண்ணே, 22.04ன்னு சொன்னீங்க, அதுல இருக்கிற குழியைச் சொல்லலையே. பார்வையில்லாதவங்க பிரெய்ல் கருவிக்குன்னு பிஆர்எல்டிடிவைனு ஒரு சேவை அதோடயே வருது. சில பிரெய்ல் கருவிக்குள்ளயும் இதே சிஎச்340 சிப்தான். அதனால ஈஎஸ்பி32 பலகையைச் சொருகினதும் "இது நம்ம ஆளு"ன்னு இழுத்துக்கும், சீரியல் போர்ட் ஒரு நொடி தலைகாட்டிட்டு மறைஞ்சிடும். எட்டுப் பலகையும் சிஎச்340. முதல் வகுப்பே அதுல போயிடும்.

டீச்சர், விண்டோஸ்லயே இருங்க. கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புல பதிஞ்சா 2026 அக்டோபர் 13 வரைக்கும் ஓட்டலாம். ஈஎஸ்பி32க்குப் புரோகிராம் எழுதுற ஈஎஸ்பி-ஐடிஎஃப் தொகுப்புக்கு ஆஃப்லைன் இன்ஸ்டாலர் இருக்கு. ஒருதரம் நல்ல நெட் உள்ள இடத்துல இறக்கினா ஆறு மிஷினுக்கும் ஒரே பெண்டிரைவ். கூடவே சிஎச்340 டிரைவரையும் போட்டு வைங்க. நெட் இருந்தா விண்டோஸே கொண்டுவந்துடும், மண்டபத்துல அது நடக்காது. விண்டோஸோட வைரஸ் தடுப்பான் டிஃபெண்டர்ல திட்ட ஃபோல்டரையும் டூல்ஸ் ஃபோல்டரையும் விலக்குப் பட்டியல்ல சேருங்க. ஒரு பில்ட்ல நூத்துக்கணக்கான சின்னச் சின்னக் கோப்பு, ஒவ்வொண்ணையும் அது திறந்து பார்த்தா கம்பைல் நகராது. பிள்ளைங்க பள்ளியிலயும் வீட்டுலயும் விண்டோஸ்தானே, இங்க மட்டும் ஏன் புதுப் பாடம்?

ஏழாங்கட்டை
குழி உண்மைதான், நான் விட்டுட்டேன். ஆனா ஒரு நிமிஷ வேலை: டிமெசேஜ்ல (கெர்னல் செய்திப் பதிவு) பிஆர்எல்டிடிவை பேர் தெரிஞ்சா அந்தப் பேக்கேஜை நீக்கிடலாம். பிரெய்ல் கருவி வச்சிருக்கிற பிள்ளை வகுப்புல இருந்தா நீக்காதீங்க. யூடெவ் விதியில சிஎச்340 வரியை மட்டும் கமெண்ட் ஆக்குங்க.

உங்க விண்டோஸ் கணக்குலயும் ஒரு ஓட்டை, தம்பி. ஈஎஸ்பி-ஐடிஎஃப் போடுற பாதை 90 எழுத்துக்குள்ள இருக்கணும், இடைவெளி, அடைப்புக்குறி கூடாது, ஆங்கில எழுத்துலயே இருக்கணும். டீச்சர், லேப்டாப்புல யூசர் பேர் என்னான்னு பாருங்க.

லயத்துவிளக்கு
பார்த்தேன். ஒண்ணுல "கவிதா"ன்னு தமிழ்லயே இருக்கு. இன்னொண்ணுல ரெண்டு சொல், நடுவுல இடைவெளி. பேரை செட்டிங்ஸ்ல மாத்தினாப் போதுமா?

பால்வாளி
போதாது. திரையில காட்டுற பேர்தான் மாறும், யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள பழைய பேரே நிக்கும். இடைவெளி இல்லாத ஆங்கிலப் பேர்ல புது லோக்கல் கணக்கு ஒண்ணு திறந்திடுங்க. டூல்ஸை சி டிரைவ்ல நேரா ஒரு குட்டிப் பேர் ஃபோல்டர்ல போடுங்க. பத்து நிமிஷ வேலை. இதுக்காக யாரும் ஓஎஸ் மாத்த மாட்டாங்க.

வெட்டுக்கத்தி
ரெண்டு பேரும் ஏன் மல்லுக்கட்டுறீங்க? விண்டோஸ் மேல டபிள்யூஎஸ்எல்2 போட்டா லினக்ஸும் வருது, பழகின விண்டோஸும் இருக்கு. யூஎஸ்பிக்கு யூஎஸ்பிஐபிடி. அட்மினா ஒருதரம் பைண்ட், பிறகு அட்டாச். பலகை லினக்ஸ் பக்கம் வந்துடும்.

ஏழாங்கட்டை
8 ஜிபி மிஷின்ல டபிள்யூஎஸ்எல்2 பாதி நினைவகம் வரைக்கும் எடுத்துக்கும். மிச்சம் 4 ஜிபியில விண்டோஸ், எடிட்டர், பிரவுசர். இது தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேலை. பலகையை ஒவ்வொரு தடவை பிடுங்கிச் சொருகினாலும் அட்டாச் மறுபடி பண்ணணும், அட்டாச் ஆன நேரத்துல விண்டோஸுக்கு அந்தப் போர்ட் கண்ணுலயே படாது. பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு ஒரே போர்ட் ஏன் ரெண்டு உலகத்துல இருக்குன்னு விளக்கவே ஒரு வகுப்பு போயிடும்.

வெட்டுக்கத்தி
மறுபடி அட்டாச் பண்றதுக்குத் தானியங்கி வசதி இருக்கு அண்ணே. நினைவகத்துக்கு டபிள்யூஎஸ்எல் கான்ஃபிக்ல வரம்பு போடலாம். இவங்க பலகையில சிஎச்340 தனி சிப், ஈஎஸ்பி32 ரீசெட் ஆனாலும் யூஎஸ்பி அறுந்து போகாது. எஸ்3, சி3 மாதிரி சிப்புக்குள்ளயே யூஎஸ்பி உள்ள பலகையிலதான் அந்தத் தலைவலி.

பால்வாளி
கோப்பை எங்க வைப்பாங்கன்னு யோசிச்சீங்களா? பிள்ளைங்க எல்லாத்தையும் டெஸ்க்டாப்லதான் வைப்பாங்க. டபிள்யூஎஸ்எல்2 அந்த விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள போய் பில்ட் பண்ணினா ஆமை வேகம். லினக்ஸ் பக்க ஹோம்ல வச்சாத்தான் வேகம். அங்க வச்சா டெஸ்க்டாப்ல தெரியாது, "டீச்சர் என் ஃபைல் காணோம்"னு வரிசையில நிப்பாங்க. இந்த ஒரு விஷயத்துல நான் ஏழாங்கட்டை அண்ணன் கட்சி. ஒண்ணு முழு விண்டோஸ், இல்லைன்னா முழு லினக்ஸ்.

லயத்துவிளக்கு
ஒரு லேப்டாப்புல 22.04 போட்டுப் பார்த்துட்டேன். முதல் பலகையில பால்வாளி சொன்ன குழிதான், பிஆர்எல்டிடிவை நீக்கினதும் போர்ட் நிலைச்சு நின்னது. ரெண்டாவது பலகையில போர்ட் இருக்கு, ஃபிளாஷ் பண்ணும்போது "கனெக்டிங்"னு புள்ளி புள்ளியா ஓடி நின்னுடுது. மூணாவதுல சிவப்பு விளக்கு மட்டும் எரியுது, போர்ட்டே வரல.

வெட்டுக்கத்தி
ரெண்டாவது: புள்ளி ஓடும்போது பூட் பட்டனை அமுக்கிப் பிடிங்க, எழுத ஆரம்பிச்சதும் விடுங்க. அப்ப வேலை செஞ்சா தானா டவுன்லோட் முறைக்குப் போற சர்க்யூட்ல நேரம் இடிக்குதுன்னு அர்த்தம். இஎன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 1லிருந்து 10 மைக்ரோஃபாரட் வரைக்கும் ஒரு கெப்பாசிட்டர் போட்டா பட்டன் தேவைப்படாது. எலக்ட்ரோலைட்டிக்னா கழித்தல் கால் கிரவுண்டுக்கு. அதுக்குப் பிறகும் பாதியில அறுந்தா பாட் வேகத்தை 115200க்கு இறக்குங்க.

மூணாவது: கேபிள். மின்விசிறி, டார்ச்சோட கூட வர்ற கேபிள் பலதுல உள்ளே ரெண்டு கம்பிதான், சார்ஜ் மட்டும் போகும். விளக்கு எரியும், டேட்டா வராது. ஓடுற பலகையில அந்தக் கேபிளையே சொருகிப் பாருங்க, ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

லயத்துவிளக்கு
கேபிள்தான். பத்துல மூணு அந்த மாதிரி. கத்தரிச்சுப் பார்த்தோம், சிவப்பும் கறுப்பும் மட்டும்தான், பச்சையும் வெள்ளையும் இல்லவே இல்ல.

பால்வாளி
நல்லவேளை கத்தரிச்சீங்க. இல்லைன்னா அடுத்த சனிக்கிழமை அதே கேபிள் வேற லேப்டாப்புல வந்து நின்னிருக்கும்.

சரி, கேபிளுக்கு ஓஎஸ் பேதம் கிடையாது. ப்ளூ பில்லுக்கு வருவோம். விண்டோஸ்ல எஸ்டி க்யூப் ஐடிஇ ஒரே இன்ஸ்டால்: கம்பைலர், டீபக்கர், டிரைவர் எல்லாம் ஒரே மூட்டை. லினக்ஸ்ல ஓப்பன்ஓசிடி, ஜிடிபி, யூடெவ் ஒவ்வொண்ணா ஒட்டணும்.

ஏழாங்கட்டை
க்யூப் ஐடிஇ லினக்ஸுக்கும் இருக்கு தம்பி. ஆனா அது உங்க ப்ளூ பில்லைக் கண்டு முகம் சுளிக்கலாம். மலிவு பலகை பலதுல சிப் மேல எஸ்டிஎம்32ன்னு அச்சு, உள்ளே வேற நிறுவனத்து நகல். ஓப்பன்ஓசிடியில ஐடிகோட் (சிப்போட அடையாள எண்) எதிர்பாராததுன்னு வரும். முதல் இலக்கம் 1 வர வேண்டிய இடத்துல 2 இருக்கும். அந்த 2 உள்ள எண்ணையே சிபியூ-டேப்-ஐடியாக் கொடுத்தா இணைஞ்சிடும், ஜிடிபி 3333 போர்ட்ல காத்திருக்கும். மூட்டையாக் கட்டி வர்ற ஐடிஇக்குள்ள அந்த ஒரு எண்ணை எங்க மாத்துவீங்க?

வயர் நாலு: எஸ்டபிள்யூ-டிஐஓ, எஸ்டபிள்யூ-சிஎல்கே, கிரவுண்ட், 3.3 வோல்ட். நகல் எஸ்டி-லிங்க்ல பின் வரிசை ஒண்ணுக்கொண்ணு மாறும். மூடி மேல உள்ள அச்சைப் பார்த்துச் சொருகுங்க, இணையத்துல பார்த்த படத்தை நம்பாதீங்க. பிஏ13, பிஏ14 பின்னை யாராவது புரோகிராம்ல விளக்குக்குப் பயன்படுத்திட்டா அடுத்த தடவை இணைப்பு வராது, அந்த ரெண்டும்தான் டீபக் பின். பூட்0 ஜம்பரை 1க்கு மாத்தி, ரீசெட் அமுக்கிட்டு இணைச்சு அழிங்க. பிறகு ஜம்பர் பழைய இடத்துக்கு.

பால்வாளி
ஐடிகோட் விஷயம் ஒத்துக்கிறேன். போர்ட் பேருக்கு என்ன பண்ணுவீங்க? சிஎச்340ல சீரியல் எண் இல்ல. விண்டோஸ்ல பலகையை வேற ஓட்டையில சொருகினா காம் 5, காம் 9னு எகிறும்னு சொல்லுவீங்க. லினக்ஸ்லயும் சொருகுற வரிசைப்படி 0, 1னு மாறத்தானே செய்யும்?

ஏழாங்கட்டை
மாறும். ஆனா பை-பாத்னு ஒரு ஃபோல்டர்ல எந்த ஓட்டைங்கிறதை வச்சே பேர் நிக்கும். இடது பக்க ஓட்டைக்கு ஒரு பேர், வலது பக்கத்துக்கு ஒண்ணு. லேப்டாப் மேல ஸ்டிக்கர் ஒட்டிடுங்க, எந்தப் பலகை வந்தாலும் பிள்ளைங்க அதே பேரைத்தான் கொடுக்கணும்.

ஆறு மிஷினுக்கும் தனித்தனியா உட்கார வேணாம் டீச்சர். ஒண்ணை முழுசா முடிச்சு, குளோன்சில்லாவுல இமேஜ் எடுத்து மத்த அஞ்சுலயும் இறக்குங்க. எஸ்எஸ்டி அதே அளவு, இல்ல பெருசா இருக்கணும். இறக்கின பிறகு ஹோஸ்ட் பேர், மெஷின்-ஐடி, எஸ்எஸ்எச் சாவி மூணையும் ஒவ்வொரு மிஷின்லயும் புதுசாக்குங்க. ஈஎஸ்பி-ஐடிஎஃப் சோர்ஸை ஜிப்பா இறக்காதீங்க, கிட்ஹப் தானாக் கட்டித் தர்ற ஜிப்ல சப்மாட்யூல் (உள்ளே சேர்ற துணைத் திட்டங்க) வராது, பில்ட் பாதியில நிக்கும். கிட்ல ஆழமில்லாத குளோன் (பழைய மாற்ற வரலாறு இல்லாம), சப்மாட்யூலும் ஆழமில்லாம. ஹாட்ஸ்பாட் டேட்டா நிறைய மிஞ்சும். "ஐடிஎஃப் கட்டளை இல்ல"ன்னு எந்தப் பிள்ளையாவது வந்தா எக்ஸ்போர்ட் ஸ்கிரிப்டை அந்த டெர்மினல்ல ஓட்டலைன்னு அர்த்தம். ஒவ்வொரு டெர்மினலுக்கும் தனியா ஓட்டணும்.

லயத்துவிளக்கு
அஞ்சுல லினக்ஸ் இறக்கியாச்சு. "கவிதா" லேப்டாப்பை மட்டும் விண்டோஸ்லயே வச்சு, பால்வாளி சொன்ன மாதிரி புதுக் கணக்கு திறந்திருக்கேன். அந்தப் பிள்ளைக்குப் பள்ளி வேலையும் அதுலதான்.

இப்ப ஒரு புதுச் சிக்கல். மழைமானியோட ரீட் சுவிட்சை (காந்தம் கிட்ட வந்தா மூடுறது) ஜிபிஐஓ 0 பின்ல கொடுத்திருக்காங்க. சில நேரம் பவர் போட்டா புரோகிராம் ஓடவே மாட்டேங்குது, சீரியல்ல "டவுன்லோடுக்குக் காத்திருக்கு"ன்னு வருது. ஆறு மிஷின்லயும் அப்படித்தான். வைஃபை ஆன் ஆகும்போது பிரவுன்அவுட்னும் (வோல்டேஜ் விழுந்துடுச்சுன்னு) வருது.

பால்வாளி
இதுக்கு ஓஎஸ் மேல பழி போட முடியாது, ஹிஹி. ஜிபிஐஓ 0 பூட் பின். மழைமானி வாளி சரியா நடுவுல நின்னா காந்தம் சுவிட்சுக்கு நேரே இருக்கும், சுவிட்ச் மூடி பின்னைக் கிரவுண்டுக்கு இழுக்கும். அந்த நேரம் பவர் வந்தா சிப் நேரா டவுன்லோட் முறைக்குப் போயிடும். 12லயும் போடாதீங்க, அது பூட்ல ஃபிளாஷ் வோல்டேஜை முடிவு பண்ற பின். 34லிருந்து 39 வரைக்கும் உள்ளே புல்அப்பே (பின்னை 3.3 வோல்ட் பக்கம் இழுத்து வைக்கிற மின்தடை) கிடையாது. 27ல போடுங்க. வயர் நீளம்னா வெளியே 10 கிலோஓம் புல்அப், கிரவுண்டுக்கு 100 நானோஃபாரட். புரோகிராம்ல 50 மில்லிசெகண்டுக்குள்ள வர்ற ரெண்டாவது துடிப்பை எண்ணாதீங்க. ரீட் சுவிட்ச் ஒருதரம் மூடினா அஞ்சாறு தரம் துள்ளும்.

பிரவுன்அவுட்: பவர் இல்லாத ஹப்ல நாலு பலகை தொங்குதா? யூஎஸ்பி 2.0 போர்ட் ஒண்ணு தர்றது 500 மில்லியாம்ப். ஒரு ஈஎஸ்பி32 வைஃபை அனுப்பும்போதே 240 வரைக்கும் இழுக்கும். அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்க, இல்ல ஒரு போர்ட்டுக்கு ஒரு பலகை.

ஏழாங்கட்டை
வெளியே இருந்து வர்ற மழைமானி வயரை லேப்டாப்போட இணைச்சுட்டு இடி நேரத்துல விடாதீங்க. நம்ம ஊர் மத்தியான இடி சொல்லிக்கிட்டு வராது. சோதிக்கணும்னா நடுவுல யூஎஸ்பி ஐசொலேட்டர் (மின் தொடர்பைப் பிரிச்சு டேட்டாவை மட்டும் விடுறது). ஏடியூஎம்3160 சிப் உள்ளது 12 மெகாபிட் வரைக்கும்தான், சிஎச்340க்கும் எஸ்டி-லிங்க் வி2க்கும் அது தாராளம். நிரந்தரமா வைக்கும்போது லேப்டாப்பே வேணாம், வைஃபையில படிங்க. பவர்பேங்க்ல ஓட்டினா ஒண்ணு கவனிக்கணும்: ஈஎஸ்பி32 ஆழ்தூக்கத்துக்குப் போனா கரண்ட் குறைவுன்னு நினைச்சு பல பவர்பேங்க் தானா அணைஞ்சிடும்.

லயத்துவிளக்கு
27க்கு மாத்தியாச்சு. வாளியை வேணும்னே நடுவுல நிறுத்தி இருபது தரம் பவர் போட்டாங்க, இருபது தரமும் பூட் ஆச்சு. பவர்பேங்க் நீங்க சொன்ன மாதிரியே தூங்கிடுச்சு, 18650 செல்லும் ரெகுலேட்டரும் தேடிக்கிட்டு இருக்கோம்.

வெட்டுக்கத்தி
ரெகுலேட்டர் வாங்கும்போது 1117 வாங்காதீங்க டீச்சர். 3.3 வோல்ட் வர அதுக்கு உள்ளே 4.4க்கு மேல வேணும், செல் நிறைஞ்சாலே 4.2தான். வோல்டேஜ் இழப்பு குறைவா, 500 மில்லியாம்ப் தர்ற எல்டிஓ கேளுங்க.