பெருந்தரவுத் தேடலில் வடிகட்டிகள்: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பல கோடி ஆவணங்கள் கொண்ட ஒரு காப்பகத்துக்குத் தேடல் பக்கம் வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னது வேண்டும் என்று தெரிந்து வருபவருக்குச் சிக்கல் இல்லை. தேடத் தேடத்தான் தேவையே தெளிவாகும் என்ற நிலையில் வருபவரைப் பற்றித்தான் என் கவலை. தகவல் தேடல் ஆய்வாளர் மார்சியா பேட்ஸ் 1989-இல் விளக்கியது இவரைத்தான்: அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தகவலைப் பொறுக்கும்போது அவருடைய கேள்வியே மாறிக்கொண்டு போகிறது.

அவருக்காகப் பக்கவாட்டில் ஆண்டு, துறை, ஆசிரியர் என வடிகட்டிகள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் அருகிலும் ஆவண எண்ணிக்கை. தரவு பல சர்வர்களில் பிரிந்து கிடப்பதால், ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் அதிக ஆவணங்கள் உள்ள துறைகள், ஆசிரியர்கள் போன்றவற்றின் எண்ணிக்கையை மட்டுமே அனுப்புகிறது; கூட்டுத்தொகை தோராயமாகிவிடுகிறது. துல்லியமாக எண்ணச் சொன்னால் பக்கம் திறக்கத் தாமதமாகிறது. காட்டிய எண் ஒன்று, சொடுக்கியபின் வருவது வேறு என்றால் பயனர் எதை நம்புவார்? ‘சுமார்’ என்று வெளிப்படையாகப் போடுவதே நேர்மை என்பது என் எண்ணம். யாராவது அப்படிச் செய்து, பயனர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்று, எண்ணிக்கைப்படி அடுக்கினால் அரிய துறைகள் அடியில் புதைந்துவிடுகின்றன. கண்டடைதலுக்கென்றே கட்டும் பக்கத்தில் இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. அகரவரிசை தவிர வேறு வழி உண்டா?

சொடுக்கினால் ஓர் ஆவணமும் வராத வடிகட்டிகளை மறைப்பதா, மங்கலாகக் காட்டுவதா என்பதையும் சொல்லுங்கள். சோதனை அனுபவத்தோடு வரும் பதில்கள் மிகவும் உதவும்.