போலீஸ் வீட்டைச் சோதனை போட வந்தால், வாரண்ட் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியுமா?

மாடிக் குடித்தனம்:
தமிழ்நாட்டில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் மேல் பண மோசடிப் புகார், எஃப்.ஐ.ஆரும் போட்டாகிவிட்டது. போலீஸ் வந்து "வீட்டைப் பார்க்கணும்" என்கிறார்கள், கையில் வாரண்ட் இல்லை. உள்ளே வர அதிகாரம் உண்டா? ராத்திரியில் வரலாமா? பெண்கள் மட்டும் இருந்தால்? போன், லேப்டாப் எடுத்துப் போனால் என்ன எழுதி வாங்கணும்? பூட்டிக் கிடந்தால் ஹவுஸ் ஓனரிடம் சாவி வாங்கித் திறப்பார்களா? தேடினால் பழைய சி.ஆர்.பி.சி. பிரிவுகள்தான் வருகின்றன. இப்போதைய எண்ணோடு சொன்னால் நல்லது.

வாய்தா:
வாரண்ட் இல்லையா, கதவைத் திறக்காதீங்க. அவ்வளவுதான்.

கோர்ட் வராண்டா:
வாய்தா சார், அது அமெரிக்கப் படத்தில் செல்லும், இங்கே செல்லாது. இதை நம்பிக் கதவடைத்தால் வேறொரு கேஸில் மாட்டுவார்கள்.

2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். (சி.ஆர்.பி.சி.க்குப் பதில் வந்த புதுக் குற்ற நடைமுறைச் சட்டம்) நடைமுறையில் இருக்கிறது. அதில் பிரிவு 185 (பழைய 165) வாரண்ட் இல்லாமலேயே சோதனை போட ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கும் விசாரணை அதிகாரிக்கும் அதிகாரம் தருகிறது. சும்மா தரவில்லை. விசாரணைக்குத் தேவையான பொருள் அங்கே இருப்பதாக நம்பக் காரணம் வேண்டும். வாரண்ட் வாங்கப் போனால் தாமதமாகி அது கைநழுவும் நிலை வேண்டும். இரண்டையும், என்ன பொருளைத் தேடுகிறோம் என்பதையும், சோதனைக்கு முன்பே கேஸ் டைரியில் எழுத வேண்டும். அதிகாரி தானே வர முடியாமல் கீழே உள்ளவரை அனுப்பினால், எந்த இடம், எந்தப் பொருள் என்று எழுத்து மூலம் உத்தரவு கொடுத்தனுப்ப வேண்டும். அந்த உத்தரவைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஏட்டு ஒருவர் தனியாக வந்து "சும்மா பார்த்துட்டுப் போறேன்" என்றால் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இன்னொன்று, 185 விசாரணைக்கான பிரிவு. வெறும் மனு விசாரணை, சி.எஸ்.ஆர். ரசீது (எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வாங்கியதற்கு மட்டும் தருவது) மட்டும் போட்டிருக்கும் நிலை என்றால் அதைக் காட்டி வீட்டைக் கலைக்க முடியாது. அதனால் வாசலிலேயே குற்ற எண், ஸ்டேஷன், பிரிவு மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாலியல் குற்றம் போன்ற சிலவற்றைத் தவிர, எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. குற்ற எண் கையில் இருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வாரண்டோடு வந்தால் நான்கு விஷயம் பாருங்கள்: நடுவர் (மாஜிஸ்திரேட்) கையெழுத்து, கோர்ட் முத்திரை, உங்கள் முகவரி, யாருக்கு அந்த உத்தரவு என்பது. சில வாரண்டில் வீட்டின் குறிப்பிட்ட பகுதி மட்டும் இருக்கும். அப்படியிருந்தால் மற்ற அறைகளைத் திறக்கச் சொன்னாலும் வாரண்டைக் காட்டி ஞாபகப்படுத்துங்கள்.

கதவை மறித்து நிற்கக் கூடாது. கைகலப்பானால் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 132 (இரண்டு ஆண்டு வரை), வெறும் இடையூறு என்றாலே 221 (மூன்று மாதம் வரை). 1963-இல் ராதாகிஷன் வழக்கில் விதிமீறிய சோதனையை வீட்டுக்காரர் எதிர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, உண்மைதான். ஆனால் கேஸ் டைரியில் காரணம் எழுதியிருக்கிறதா இல்லையா என்பது வாசலில் நிற்கும் உங்களுக்கு எப்படித் தெரியும்? "ஆட்சேபிக்கிறேன், ஆனால் தடுக்கவில்லை" என்று வாயால் தெளிவாகச் சொல்லிவிட்டு வழிவிடுங்கள். கேமரா ஓடும்போது சொன்னால் பதிவில் நிற்கும்.

மகஜர் படிப்பவர்:
மேலே சொன்னது சரி. சட்டம் உங்களுக்குக் கொடுத்திருப்பதில் பாதி, உள்ளே வந்த பிறகுதான் வேலைக்கு வரும்.

பிரிவு 103 (பழைய 100) படி அந்தப் பகுதியில் வசிக்கும் சுதந்திரமான, மரியாதைக்குரிய இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, அவர்கள் கண்முன் தேட வேண்டும். பக்கத்து வீட்டார் வரவில்லை என்றால் மட்டும் வேறு பகுதி ஆள். நம்ம ஊரில் பெரும்பாலும் வி.ஏ.ஓ.வும் கிராம உதவியாளரும் கையெழுத்துப் போடுவார்கள். அது செல்லாது என்று இல்லை, ஆனால் ஏன் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடவில்லை என்று பின்னால் கேட்க வழி இருக்கிறது. சாட்சிகள் தேடல் தொடங்கும்போதே இருந்தார்களா, முடிந்தபின் வந்து கையெழுத்து மட்டும் போட்டார்களா என்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மகஜர் (சோதனையில் எடுத்ததைச் சாட்சிகளோடு எழுதும் ஆவணம்) உடைவது அங்கேதான்.

உள்ளே வருவதற்கு முன் வந்தவர்களையும் சாட்சிகளையும் நீங்கள் பரிசோதித்துக்கொள்ளக் கேட்கலாம். கேட்கும் தொனி முக்கியம். மறுத்தால் வற்புறுத்தாமல் மறுத்ததைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரரோ அவர் சார்பில் ஒருவரோ முழு நேரமும் கூடவே இருக்கலாம், 103(6). எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்துவிட்டு மூன்று அறையில் ஒரே நேரத்தில் தேடினால் இந்த உரிமைக்கு அர்த்தமே இல்லை. "ஒவ்வொரு ரூமா பாருங்க சார், கூட வர்றேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். முடிந்ததும் எடுத்த பொருள், எடுத்த இடம் எழுதிய பட்டியல், சாட்சி கையெழுத்து, அதன் நகல் உங்களுக்கு. "ஸ்டேஷன்ல வந்து வாங்கிக்கங்க" என்பது சட்டத்தில் இல்லை.

பட்டியலில் தங்க நகையை "மஞ்சள் நிற உலோகத்தாலான செயின் 1" என்றுதான் எழுதுவார்கள். அது வழக்கம், சண்டை போட வேண்டாம். பக்கத்தில் தோராய எடையும் அடையாளமும் எழுதச் சொல்லுங்கள். பணம் என்றால் 500 எத்தனை, 200 எத்தனை என்று தாள்வாரியாக. போன் என்றால் கம்பெனி, மாடல், நிறம், ஐ.எம்.ஈ.ஐ. எண் (*#06# போட்டால் வரும், இரட்டை சிம் என்றால் இரண்டு எண்), சிம், மெமரி கார்டு. லேப்டாப்புக்கு அடியில் உள்ள சீரியல் எண். "செல்போன் 2" என்று மட்டும் எழுதிப் போனால், திரும்பக் கேட்கும்போது எந்தப் போன் என்றே நிரூபிக்க முடியாது. உறையில் போட்டு சீல் வைத்து அதன் மேலும் சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்களா என்றும் பாருங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் நீதிமன்றங்களே ஒரே கருத்தில் இல்லை. 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு மாதிரி, 2022-இல் டெல்லி சி.பி.ஐ. தனி நீதிமன்றம் நேர் எதிர் மாதிரி. அதனால் வாசலில் வாதாட வேண்டாம்: "வக்கீலைக் கேட்டுச் சொல்றேன்" என்ற ஒரு வரி போதும். அழிக்கவோ ரீசெட் பண்ணவோ தொடவே கூடாது, அது தனிக் குற்றமாகிவிடும்.

கோர்ட் வராண்டா:
மீதிக் கேள்விகளுக்கு. ராத்திரி: பி.என்.எஸ்.எஸ்.-இல் வீட்டுச் சோதனைக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. பலரும் குழப்பிக்கொள்வது பெண்ணைக் கைது செய்யும் விதியோடு. சூரியன் மறைந்து உதிக்கும் வரை பெண்ணைக் கைது செய்ய, விதிவிலக்கான சூழலில் பெண் காவலர் நடுவரின் முன்அனுமதி வாங்க வேண்டும், பிரிவு 43(5). போதைப்பொருள் வழக்கு தனி உலகம். அங்கே என்.டி.பி.எஸ். சட்டத்தின் (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்) 42-ஆம் பிரிவு ராத்திரி நுழைய, அதற்கான காரணத்தைத் தனியாக எழுதச் சொல்கிறது. உடல் சோதனை என்றால் 50-ஆம் பிரிவின்படி கெசட்டட் அதிகாரி அல்லது நடுவர் முன் கேட்கும் உரிமை உண்டு.

பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் சோதனைக்குப் பெண் போலீஸ் கட்டாயம் என்று நேரடி விதி இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டுமானால் இன்னொரு பெண்தான் செய்ய வேண்டும், கண்ணியம் கெடாமல். அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

சாவி விஷயம்: சட்டம் பேசுவது அங்கே குடியிருப்பவரைப் பற்றி, அல்லது பொறுப்பில் இருப்பவரைப் பற்றி. பூட்டிய வீட்டுக்குள் நுழைய முடியாவிட்டால், யார், எதற்காக என்று சொல்லித் திறக்கக் கேட்டுவிட்டு உடைத்து நுழையவும் 44(2) இடம் கொடுக்கிறது. அதைவிடச் சாவி மேல். ஊரில் இல்லாதவர், தன் சார்பில் யார் நிற்பது என்று ஓனருக்கும் அந்த ஸ்டேஷனுக்கும் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வைத்தால் 103(6) வேலைக்கு வரும்.

வேறு மாவட்டத்திலிருந்து வந்தால் 186-ஐப் பாருங்கள். சாதாரணமாக உள்ளூர் ஸ்டேஷன் மூலம்தான் சோதனை. அவசரம் என்று நேரடியாக வந்தாலும் உள்ளூர் ஸ்டேஷனுக்கு உடனே தகவல் கொடுக்க வேண்டும். உள்ளூர் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டால் போலி ஆட்களும் அங்கேயே மாட்டிவிடுவார்கள்.

மாடிக் குடித்தனம்:
நன்றி. இவ்வளவும் மீறினால் கிடைத்த பொருள் செல்லாது என்று கேஸ் தள்ளுபடி ஆகுமா? மகஜரில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னால்?

மகஜர் படிப்பவர்:
ஆகாது. பூரன் மல் வழக்கு (1974) முதல் நிலை இதுதான்: தவறான சோதனையில் கிடைத்தாலும், பொருத்தமான சான்றை அதற்காக மட்டும் ஒதுக்க மாட்டார்கள். மீறல் உங்களுக்கு உதவுவது வேறு விதத்தில்: "இந்தப் பொருள் உண்மையிலேயே அந்த அலமாரியில்தான் இருந்ததா" என்ற சந்தேகமாக. அந்தச் சந்தேகத்துக்குத் தேதியிட்ட காகிதம் வேண்டும்.

கையெழுத்து: பட்டியலில் போட வேண்டியவர்கள் சாட்சிகள். உங்களிடம் கேட்டால் முழுதும் படித்துவிட்டு "நகல் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திடுங்கள். நகல் கொடுக்காவிட்டால் "நகல் தரப்படவில்லை" என்று எழுதுங்கள். வெற்றுத் தாளிலோ காலி வரிகள் விட்ட தாளிலோ வேண்டவே வேண்டாம். விசாரணையில் நீங்கள் சொல்வதை எழுதிக்கொண்டால் அதில் கையெழுத்து வாங்கவே கூடாது, பிரிவு 181.

புதுச் சட்டத்தில் கிடைத்த நல்ல ஆயுதம் 105. சோதனை தொடங்கி பட்டியல், சாட்சி கையெழுத்து வரை ஆடியோ-வீடியோ எடுத்து, தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். "ரெக்கார்ட் ஆகுதா சார்?" என்று கேட்டுவிடுங்கள். வீட்டு சி.சி.டி.வி.யை அணைக்கச் சொன்னால் அதையும் குறியுங்கள்.

அதோடு 185(5): காரணம் எழுதிய பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவருக்குப் போக வேண்டும். நீங்கள் மனு கொடுத்தால் அதை இலவசமாக உங்களுக்குத் தர வேண்டும். மூன்றாம் நாளே வக்கீல் மூலம் அந்த ஸ்டேஷனுக்குரிய ஜே.எம். (நீதித்துறை நடுவர்) கோர்ட்டில், "குற்ற எண் இன்னது, இன்ன தேதியில் என் குடியிருப்பில் நடந்த சோதனை தொடர்பாகப் பிரிவு 185(5)-இன்படி தங்கள் மன்றத்துக்கு வந்த பதிவின் நகலும், பிரிவு 105-இன் ஒளிப்பதிவு பெறப்பட்டதா என்ற விவரமும் வேண்டுகிறேன்" என்று போடுங்கள். பதிவு வரவில்லை என்று கோர்ட் சொன்னால் அதுவே உங்கள் சான்று. ஒரு மாதம் கழித்துப் போட்டால் எல்லாம் வந்து சேர்ந்திருக்கும், தேதி உட்பட.

போன், நகை திரும்ப வேண்டுமென்றால் அதே கோர்ட்டில் 503-இன் கீழ் (பழைய 457) தனி மனு. வழக்குக்குச் சம்பந்தமில்லாத குடும்பத்தாரின் போன் என்றால் வாங்கிய பில்லையும் பெட்டியில் உள்ள ஐ.எம்.ஈ.ஐ. எண்ணையும் சேருங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் 15100, சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண். அத்துமீறல் என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் எழுத வேண்டும், அதற்கு மேல் எடுக்க மாட்டார்கள்.

வாய்தா:
சரி, கதவைத் திறந்தே விடுறேன். இன்கம்டாக்ஸ், ஈ.டி. ரெய்டுக்கும் இதேதானா?

கோர்ட் வராண்டா:
இல்லை. வருமான வரிக்கு 1961 சட்டத்தில் 132, 2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டத்தில் 247; ஈ.டி.க்கு (அமலாக்கத் துறை) பி.எம்.எல்.ஏ. (சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம்) 17. யார் அனுமதி கொடுக்க வேண்டும் என்பதே மாறும். அதற்குத் தனி இழை போடுங்க.