கடைக்குள் போன சரக்கு: உங்கள் அனுபவம் என்ன?

செக்குக்காரன், ஈரோடு

ஒரு கடைக்காரர் என் எண்ணெய் பாட்டில்களைத் துடைத்த அந்தத் துண்டு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். மரச்செக்கு நல்லெண்ணெய், கருப்பட்டி போட்டு ஆட்டியது. கடைகளுக்குச் சரக்கு போடும் ஏஜென்சிக்காரர் முதல் மாதமே 60 பெட்டி எடுத்தார். அதை விற்பனை என்று நோட்டில் எழுதி, அந்த நோட்டைக் காட்டியே கடன் வாங்கி இரண்டாவது செக்கும் போட்டுவிட்டேன். நான்காம் மாதம் ஆர்டர் நின்றது.

ஏஜென்சிக்காகக் கடைகளுக்குப் போய்வரும் லைன் பையனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து கடை கடையாகப் போனேன். பெருந்துறைப் பக்கம் ஒரு அண்ணாச்சி, ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டிலிருந்து என் பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கினார். தோளில் கிடந்த துண்டால் மூடி, கழுத்து, லேபிள் எல்லாவற்றையும் துடைத்தார். வாசலுக்குப் போய்த் துண்டை உதறிவிட்டு வந்தார். திட்டவே இல்லை. "தம்பி, தேதி தாண்டுவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். நமக்குள் பாக்கி எதுவும் கிடையாது, நான்தான் இன்னும் காசே கொடுக்கவில்லையே" என்றார்.

எண்ணிப் பார்த்தால் 11. போட்டது 12. ஒன்றாவது விற்றதே என்று மனம் துள்ளியது. "அது வீட்டுத் தோசைக்கு எடுத்தோம். நல்ல எண்ணெய் தம்பி" என்றார்.

முன்னாள் விற்பனைப் பிரதிநிதி, மதுரை

நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். நாங்கள் தெரிந்தே செய்தோம். பெரிய பிஸ்கட் கம்பெனி, பெயர் வேண்டாம். மார்ச் 31க்குள் இலக்கை முடிக்க வேண்டும். ஏஜென்சி முதலாளி வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட, நான்கு லட்ச ரூபாய்ச் சரக்கை இறக்கினேன். குடோனில் இடமில்லை, பாதி அவருடைய வீட்டுக்குப் போனது. இரவு பத்து மணிக்கு ரசீதில் கையெழுத்து வாங்கப் போனபோது, கூடத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவருடைய மகள் பிளஸ் டூ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெட்டிதான் நாற்காலி, இன்னொன்று மேசை. நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி புத்தகத்தில் குனிந்துகொண்டாள்.

ஏப்ரலில் எனக்குக் கேடயம் கொடுத்தார்கள். மே மாதம் அந்தச் சரக்கில் பாதி திரும்பி வந்தது. கேடயத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

மளிகைக் கடை, திண்டுக்கல்

செக்குக்காரரே, அண்ணாச்சி மீது தப்பே இல்லை. மேல்தட்டில் வைத்தார் என்று வருத்தப்படுகிறீர்களே, கண்ணுக்கு நேரான தட்டுக்குப் பெரிய கம்பெனிகள் மாதாமாதம் காசு கொடுக்கின்றன. நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?

என் கதை வேறு. ஓர் அக்கா பருப்புப் பொடி கொண்டுவந்தார். சரக்கு போடக் கேட்கவில்லை. சனிக்கிழமை மாலை வாசலில் ஒரு மணி நேரம் நிற்க இடம் கேட்டார். தூக்குச்சட்டியில் சுடுசோறு, ஒரு கிண்ணத்தில் நெய். வாழையிலைத் துண்டில் ஒரு கவளம் பிசைந்து, சாமான் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் நீட்டினார். நெய் வாசனை பில் போடும் இடம் வரை வந்தது. 14 பாக்கெட் போனது, எல்லாம் ரொக்கம். அடுத்த வாரம் நானே 50 பாக்கெட் கேட்டு வாங்கினேன். காசு மட்டும் "நாளைக்கு வாருங்கள்" என்று ஆறு வாரம் இழுத்தேன். ஏழாவது வாரம் அவர் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. பொடி எங்கே என்று கேட்பவர்களிடம் சரக்கு வரவில்லை என்றுதான் சொல்கிறேன்.

கணக்கர், கோவை

என் அனுபவம் இரண்டு வரி: மைத்துனர் ஊறுகாய் போட்டார், பாக்கி வசூலாகாமல் மூடினார். ஆனால் எல்லாரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. ஆகவே சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை உடனே எடுங்கள், பில்லில் அந்த எண்ணை அச்சிடுங்கள்.

இரண்டாவது, சரக்கைக் கடைக்குள் தள்ளாதீர்கள், கேட்டு வரவழையுங்கள். 1983இல் 15,000 ரூபாயோடு தொடங்கிய கடலூர் சி.கே. ரங்கநாதனைப் பாருங்கள். சிக் ஷாம்பூவுக்காகக் கிராமம் கிராமமாகப் போய், பள்ளிப் பையன் ஒருவனுக்கு எல்லார் முன்னிலையிலும் தலைக்குப் போட்டு அலசி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காலி ஷாம்பூ உறைகளை (சாஷே) கொண்டுவந்தால் ஷாம்பூவோடு ஒரு சிக் உறை இலவசம் என்றார்கள். முதலில் எந்தக் கம்பெனி உறையும் செல்லும், பிறகு சிக் உறை மட்டும். வீட்டில் தீர்ந்தால்தானே காலி உறை வரும்? கடைக்காரர் தானாகச் சரக்கு கேட்பார். மூன்றாவது, பாட்டிலைச் சிறிதாக்குங்கள். நான்காவது...

மளிகைக் கடை, திண்டுக்கல்

கணக்கரே, மூன்று மடங்கு வட்டி கேட்டு எந்த அக்கா என் மீது வழக்குப் போடுவார்? போட்டால் அடுத்த தெருக் கடைக்காரர்கூட அவரை உள்ளே விடமாட்டார். சட்டம் எனக்கும் தெரியும். தெரிந்துதான் இழுத்தேன், அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

செக்குக்காரன், ஈரோடு

பாட்டிலைச் சிறிதாக்கு என்று கணக்கர் சொன்னது சரி. 100 மில்லியில் போட்டபிறகுதான் அண்ணாச்சி மறுபடி வாங்கினார், ரொக்கத்துக்கு. திரும்பி வந்த 11 பாட்டிலை விற்க மனம் வரவில்லை. அந்தக் கார்த்திகை முழுவதும் அம்மா விளக்கேற்றினார். இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறது.